பல் டாக்டரின் கோடை அணி

மாமியாருக்கு மஞ்சள் அட்டை காட்டியிருக்கக் கூடாது என்று டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. அட்டையும் தலைக்கு மேலே உயர்ந்துவிட்டது.

சமையலறை மேசையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு உருண்டு விழுந்தது. மாமியார் அதைக் காலால் தடுத்து நிறுத்தினார். எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் ஹாக்கியில் பந்து காலில் பட்டால் அது தப்பாட்டம். கதவோரம் நின்றிருந்த டாக்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"என்ன மாப்பிள்ளை இது?" என்று அட்டையைப் பார்த்துக் கேட்டார் மாமியார்.

"கால் பட்டுடுச்சு அத்தை. நேத்தே ஒரு தடவை பச்சை காட்டி எச்சரிச்சேன். இன்னைக்கு மறுபடியும் அதே தப்பு. அஞ்சு நிமிஷம் வெளியே உட்காரணும்."

"அஞ்சு நிமிஷம் எதுக்கு? ஒரேயடியா வெளியே போயிடறேன். என் பெரிய பொண்ணு வீட்டுல நான் உருளைக்கிழங்கைக் காலால எட்டி உதைச்சாலும் கேக்க ஆளில்லை."

மாமியார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

டாக்டரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையை நீட்டினாள். டாக்டர் மஞ்சள் அட்டையைக் கொடுத்தார்.

"விசில்?"

விசிலையும் கொடுத்தார்.

"பச்சை? சிவப்பு? சாக்ஸுக்குள்ள வெச்சிருக்கறதையும் எடுங்க."

எல்லாம் மனைவியின் கைக்குப் போயின. டாக்டர் பல் பிடுங்கப்பட்ட நோயாளியைப் போலக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. கைராசிக்காரர் என்று பெயர். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஹாக்கி என்று வந்துவிட்டால் ஆளே வேறு. உள்ளூர் கிளப் ஆடுகிற ஒரு மேட்சைக்கூட அவர் விட்டதில்லை. கிளப்பின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்தால், மூன்று நாளைக்கு நோயாளிகளிடம் சைகையில்தான் பேசுவார். அந்தச் சீசன் முடிந்து கோடை வந்தால்தான் வீட்டுக்குக் கெட்ட காலம். பார்க்க மேட்ச் இல்லாத டாக்டர், பார்க்கிறதையெல்லாம் மேட்ச் ஆக்கிவிடுவார்.

"இதோ பாருங்க," என்றாள் மனைவி. "சீசன் ஆரம்பிக்கற வரைக்கும் இந்த வீட்டுல ஹாக்கிங்கற பேச்சே வரக் கூடாது. வந்துச்சுன்னா அம்மா மட்டும் இல்ல, நானும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"வேற எதையாவது வளர்த்துப் பாருங்க, ரசிங்க. உலகத்துல மத்தவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

டாக்டர் மனைவி சொல் தட்டாதவர். மறுநாளே ஒரு மீன் தொட்டி வாங்கிக் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் அறையில் வைத்தார். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள், பல்வலியோடு முனகிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே டாக்டர் தொட்டியைத் தட்டி, "பாஸ் பண்ணுடா! பக்கத்துல ஆள் சும்மா நிக்கறான் பாரு!" என்று கத்தினார். இருவர் பல்வலியே போய்விட்டதென்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். வரவேற்பறைப் பெண் அன்று மாலையே தொட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மீனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றாள் மனைவி. "நேரம் கெடைக்கறப்ப ஜன்னல் வழியா தெருவைப் பாருங்க. அதுல ஒரு தப்பும் வராது."

டாக்டர் ஜன்னலைத் திறந்தார்.

தெருவில் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள்.

தெருவின் ஒரு முனையில் தபால் நிலையம், மறு முனையில் ரொட்டிக் கடை. தபால் நிலையத்துப் பக்கமிருந்து ஒரு குழு தோண்டிக்கொண்டு வந்தது, ரொட்டிக் கடைப் பக்கமிருந்து இன்னொன்று. இரண்டு பள்ளமும் நடுவில், சரியாக டாக்டர் வீட்டு வாசலில் வந்து சேர வேண்டும். அதில் குழாய் பதிக்கப் போகிறார்கள். ரொட்டிக் கடைக் குழுவுக்கு நீலத் தொப்பி. தபால் நிலையக் குழுவுக்குச் சிவப்புத் தொப்பி.

டாக்டரின் கிளப் நிறம் சிவப்பு. அவ்வளவுதான், முடிந்தது கதை.

என்ன குழாய், எங்கே போகிற குழாய் என்று அவர் கேட்கவில்லை. தெருவில் வேறு யாரும் கேட்கவில்லை. பந்து எதற்காகக் கோலுக்குள் போக வேண்டும் என்று எந்த ரசிகன் கேட்டிருக்கிறான்?

அந்த நேரத்தில் நாற்காலியில் ஒரு வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் கையில் குறடு. ஜன்னலுக்கு வெளியே, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டையான, பருத்த ஆள், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மண்வெட்டி மண்ணைத் தோளுக்கு மேலே வீசினான். மண் ஒரு பொடி சிந்தாமல் தள்ளுவண்டிக்குள் போய் விழுந்தது.

"சபாஷ்!" என்றார் டாக்டர்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். "வந்துடுச்சா டாக்டர்?"

"எது?"

"பல்லு."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றபடி டாக்டர் ஜன்னலுக்குப் போனார்.

அந்தக் குட்டை ஆள் நிமிர்ந்து மேலும் கீழும் பார்த்தான். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நம்பவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. வாழ்நாளெல்லாம் பள்ளம் தோண்டியிருக்கிறான். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள், முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், எப்போது முடியும் என்று திட்டியிருக்கிறார்கள். ஒருவரும் சபாஷ் சொன்னதில்லை. அவன் இன்னொரு மண்வெட்டி மண்ணை அள்ளி, இந்த முறை இரண்டு தோளுக்கும் மேலாகச் சுழற்றி வீசினான்.

டாக்டர் கை தட்டினார். மற்ற சிவப்புத் தொப்பிகளும் திரும்பிப் பார்த்தார்கள். தாங்களும் ஏதாவது செய்து காட்ட வேண்டும்போல அவர்களுக்குத் தோன்றிவிட்டது. மாலைக்குள் சிவப்பு அணி நீலத்தைவிட ஒரு வீட்டு நீளம் முன்னால் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது டாக்டர் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. மனைவிக்குச் சந்தோஷம்.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரியே ஜன்னல் வழியா தெருவைப் பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"முதல் பாதி பிரமாதம்."

மனைவி கரண்டியை நிறுத்தினாள். பிறகு, வீட்டில் பரவியிருந்த அமைதியைக் கெடுப்பானேன் என்று பரிமாறுவதைத் தொடர்ந்தாள்.

மாமியார் இன்னும் போகவில்லை. பெரிய மகள் வீட்டில் சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. முடியட்டும், சொல்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் மூடிய பெட்டியும் மூடிய வாயுமாக மாமியார் இங்கேயே காத்திருந்தார். மாப்பிள்ளையோடு நேரடிப் பேச்சு கிடையாது. "உன் புருஷன்கிட்ட அந்த உப்பைத் தள்ளச் சொல்லு" என்று மகளிடம் சொல்வார். டாக்டர் உப்பைத் தள்ளுவார்.

மறுநாள் நடுப்பகலில் டாக்டர் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளைகளும் ஒரு குடம் ஐஸ் தண்ணீருமாகத் தெருவில் இறங்கினார். ஹாக்கியில் இடைவேளைக்கு ஆரஞ்சு கொடுப்பது வழக்கம். சிவப்புத் தொப்பிகள் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குட்டை ஆளுக்கு மட்டும் டாக்டர் இரண்டு சுளை கூடுதலாகக் கொடுத்து, "நீதான் நம்ம சென்டர் ஃபார்வர்ட்," என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டான்.

நீலத் தொப்பிகளின் மேஸ்திரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். கடைசியில் தயங்கித் தயங்கி வந்தார்.

"டாக்டர், எங்க ஆளுங்களுக்கும் தொண்டைன்னு ஒண்ணு இருக்கு."

டாக்டருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தண்ணீரை நீட்டினார். ஆனால் உண்மையான ரசிகர் பொய் சொல்ல மாட்டார். "தண்ணி எல்லாருக்கும் உண்டு மேஸ்திரி. தாராளமா குடிங்க. ஆரஞ்சு மட்டும் சிவப்புக்கு."

மேஸ்திரி தண்ணீரைத் தொடாமலே திரும்பிப் போனார்.

மாடி பால்கனியிலிருந்து மாமியார் இதைப் பார்த்துவிட்டார். "அந்த மனுஷன் முகம் எப்படிச் சுண்டிப் போச்சு பாத்தியா?" என்று மகளிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மடக்கு நாற்காலி ஒன்றையும் குடையையும் எடுத்துக்கொண்டார். கட்டிலில் விரித்திருந்த நீல விரிப்பை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டே?"

"எனக்கும் பொழுது போக வேண்டாமா? உன் புருஷன்கிட்ட சொல்லு, இனிமே நீலத்துக்கும் ஆள் இருக்குன்னு."

மாமியார் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போன குரல் அவருடையது. ரொட்டிக் கடைப் பக்கம் நாற்காலியைப் போட்டு, விரிப்பை மின்கம்பத்தில் கட்டிவிட்டு, அவர் ஆரம்பித்தார்.

"நிமிர்ந்து நிக்காதே, குனிஞ்சு தோண்டு! நீ, மீசைக்காரன், அங்க என்ன பேச்சு? எல்லாரும் ஒரே வரிசையா வாங்க!"

மாமியாரின் வழி டாக்டரின் வழி அல்ல. டாக்டர் தட்டிக் கொடுத்தார், மாமியார் அதட்டினார். அதட்டலுக்கு மண் இன்னும் வேகமாகப் பறந்தது. நீலத் தொப்பிகளில் இருவர் சிறுவயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவர்கள். இவ்வளவு காலம் கழித்துப் பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ, பேய்த்தனமாகத் தோண்டினார்கள். ரொட்டிக் கடைக்காரர் தன் பக்கத்து அணிக்கு வாசனையாகச் சூடான ரொட்டி அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட தபால் அதிகாரி கவுண்டரை மூடிவிட்டு வந்து சிவப்புக்காகக் கத்த ஆரம்பித்தார். அடுத்த நாள் காலைக்குள் தெருவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பும் நீலமுமாகத் துண்டுகள் தொங்கின. ஒரே வீட்டில் முன்பக்கம் சிவப்பும் பின்பக்கம் நீலமும் தொங்கியதைப் பார்த்துத்தான், அந்தத் தம்பதிக்குள் இத்தனை நாளாகப் பேச்சு இல்லை என்பதே தெருவுக்குத் தெரிய வந்தது.

மதியத்துக்குள் நீலம் முன்னால் போய்விட்டது.

டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா கைதட்டினால் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்தார். பல்செட் செய்வதற்காக வைத்திருந்த தாடை மாதிரியை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரம் போய் உட்கார்ந்தார். சிவப்புத் தொப்பிகள் சுற்றி நின்றார்கள்.

"நல்லா கவனிங்க. இந்தக் கடைவாய்ப் பல்லு நீ. இந்தக் கோரைப்பல்லு அவன். முன்பல்லு ரெண்டும் மேஸ்திரியும் அவர் தம்பியும். எல்லாரும் நடுவுலேயே முட்டிக்கிட்டு நிக்கறீங்க. நடுவுல பாறையா இருக்கு. இடது ஓரத்துல மண்ணு எப்படி இருக்கு?"

"பொலபொலன்னு இருக்கு டாக்டர்," என்றான் குட்டை ஆள்.

"அப்ப ஓரமா போ! எதிராளி நடுவுல காத்துக்கிட்டு நிக்கட்டும். நீங்க ஓரமா உள்ள புகுந்துடுங்க."

குட்டை ஆள் தாடையைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தான். "எல்லாம் சரி டாக்டர். ஆனா நீங்க என்னைக் காட்டின எடத்துல எனக்கு நிஜமாவே பல்லு இல்ல."

"மேட்ச் முடியட்டும், இலவசமா கட்டி விடறேன்."

இதற்குப் பிறகு அந்த ஆளை யாரால் பிடிக்க முடியும்? சிவப்புப் பள்ளம் இடப்பக்கமாகச் சாய்ந்து புயலாக முன்னேறியது. ரொட்டிக் கடைப் பக்கம் மாமியாரோ, "கோடு போட்ட மாதிரி நேரா வரணும். ஒரு அங்குலம் விலகினாலும் நான் பொறுக்க மாட்டேன்," என்று சொல்லியிருந்தார். நீலம் நேராக வந்தது.

மாலையில், டாக்டர் வீட்டு வாசலுக்கு நேராக, சந்திக்க வேண்டிய இரண்டு பள்ளங்களும் சந்திக்கவில்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஓர் ஆள் அகல மண்ணை நடுவில் விட்டுவிட்டு, அருகருகே வந்து நின்றன.

சிவப்பு மேஸ்திரி நீல மேஸ்திரியைப் பார்த்தார். நீல மேஸ்திரி சிவப்பு மேஸ்திரியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்போதே நிறுத்தியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"நடுக்கோட்டைத் தாண்டியாச்சு!" என்று ஜன்னலிலிருந்து அலறினார் டாக்டர். "அவங்க பக்கம் பூந்துட்டோம்! நிக்காதீங்க! கோல் வரைக்கும் போங்க!"

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று குடையை உயர்த்தினார் மாமியார். "அவங்க உள்ள வந்தா நீங்களும் உள்ள போங்க!"

இரண்டு அணியும் ஒன்றை ஒன்று கடந்து போயின. ஒரு குழாய்க்கு இரண்டு பள்ளம் ஆயிற்று. தெருவைக் கடக்க இரண்டு முறை தாண்ட வேண்டியிருந்தது. ஒரு பள்ளத்தைத் தாண்டி நடு மண்ணில் நின்றவர்கள், முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் பல் கட்ட வந்த ஓர் அம்மாள் அப்படி மாட்டிக்கொண்டார். வரவேற்பறைப் பெண் இஸ்திரிப் பலகையைப் பாலமாகப் போட்டு அவரை மீட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தெருவையே துளைக்கிறாற்போல ஒரு விசில் சத்தம் கேட்டது.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். வாசற்படியில் டாக்டரின் மனைவி விசிலும் கையுமாக நின்றிருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றாள். "இந்த ரெண்டு பள்ளமும் எந்த எடத்துல சேரப் போகுது?"

மண்வெட்டிகள் மெல்லக் கீழே இறங்கின. மனைவி சட்டென்று சிவப்பு அட்டையை எடுத்துக் கணவனுக்குக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து, அதையே அம்மாவுக்கும் காட்டினாள்.

மறுநாள் இஞ்சினியர் வந்தார். தூக்கம் கெட்ட கண்ணும் கசங்கிய சட்டையுமாக இருந்தார். பல இடங்களில் அவருக்கு வேலை. பள்ளங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். மேஸ்திரிகளைத் திட்ட வாயெடுத்தார், அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

"பரவாயில்ல. பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. நடுவுல ஒரு பக்கத்துக் குழாயைக் கொஞ்சம் வளைச்சு இன்னொண்ணோட சேத்துட்டா முடிஞ்சுது. நாளைக்கே மூடிடலாம்."

"எந்தப் பக்கத்தை?" என்று டாக்டரும் மாமியாரும் ஒரே குரலில் கேட்டார்கள். மஞ்சள் அட்டைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அது.

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க?"

"சிவப்பு வளையாது," என்றார் டாக்டர்.

"நீலமும் வளையாது," என்றார் மாமியார்.

"ஐயா, வளையறது குழாய்தானே?"

"நீங்க அப்படிச் சொல்லலாம். இந்த மனுஷனோட உழைப்பு?" டாக்டர் குட்டை ஆளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். தபால் அதிகாரி கை தட்டினார். ரொட்டிக் கடைக்காரர் ஊளையிட்டார். ஜன்னல்களிலிருந்து இரண்டு பக்கத்துக் கோஷமும் கிளம்பியது.

இஞ்சினியர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். "பூவா தலையா போட்டுப் பாத்துடலாம்." நாணயம் எகிறிப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. எந்தப் பள்ளத்தில் என்று ஒரு தகராறு கிளம்பியது.

"ரெண்டும் பாதிப் பாதி வளையட்டுமே," என்றாள் டாக்டரின் மனைவி.

இஞ்சினியர் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். நல்ல யோசனை. டாக்டர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் டாக்டரைப் பார்த்தார். இரண்டு பேரும் மெல்லத் தலையசைத்தார்கள். இஞ்சினியர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் டாக்டர். "யாரு முதல்ல வளையறது?"

இஞ்சினியரின் சிரிப்பு நின்றது. அவர் வண்டியை நோக்கி நடந்தார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்: "ரெண்டு பள்ளத்தையும் மூடுங்க. இந்த வருஷம் இந்தத் தெருவுல வேலையே கிடையாது. அடுத்த கோடைக்கு மறுபடி அளந்து பாத்துக்கலாம்."

வண்டி போய்விட்டது.

"அப்படின்னா மேட்ச் டிரா!" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான், தெருவே ஆரவாரம் செய்தது. சிவப்பு மேஸ்திரியும் நீல மேஸ்திரியும் கட்டிப் பிடித்துக்கொண்டு தொப்பி மாற்றிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஆரஞ்சு இரண்டு அணிக்கும் போயிற்று. மண்ணைத் தள்ளி மூடுகிற வேலையில் தெருக்காரர்களும் கூட மாட நின்றார்கள். குட்டை ஆளுக்கு டாக்டர் அன்றே பல் கட்டிவிட்டார். அவன் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே அடுத்த ஊர் வேலைக்கு வண்டி ஏறினான்.

டாக்டர் படியேறி வந்தபோது மாமியார் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் நேரடியாகவே. "ஓரமா பூந்தீங்களே, அந்த யோசனை எப்படி வந்துச்சு?"

"அது ஹாக்கியில சாதாரணம் அத்தை. ஆனா உங்க ஆளுங்க வரிசை கலையாம வந்தாங்களே, அப்படி ஒரு தடுப்பாட்டத்தை நான் பாத்ததே இல்ல."

மாமியார் கையிலிருந்த புடவையைத் தடவிக்கொடுத்தார். "அந்த ஹாக்கியிலயும் இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிட நல்லா இருக்கும்."

"அப்ப சீசன் ஆரம்பிச்சதும் என்னையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல சும்மாதானே இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவரோடு ஹாக்கி பார்க்க வருகிறேன் என்று அந்த வீட்டில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. மனைவியும் மனமிரங்கி விசிலையும் மூன்று அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தாள். "மைதானத்துக்குள்ள மட்டும்," என்று ஒரு விரலை ஆட்டி எச்சரித்தாள். மாமியாருக்கு அவர் அளவில் சிவப்புச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார்கள்.

கோடை முடியப் போகிறது. டாக்டர் தினமும் வானத்தைப் பார்ப்பார், காற்றில் ஈரம் இருக்கிறதா என்று மோந்து பார்ப்பார், நாட்காட்டித் தாளை மாலையிலேயே கிழித்துவிடுவார்.

அப்படி ஒரு நாள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹாக்கி மைதானத்தைப் பராமரிக்கிறவர் கிளினிக்குக்குள் வந்தார். சீசன் முடிந்தபின் டாக்டர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆளில்லாத மைதானத்தைப் பார்க்க அவருக்கு மனசு வராது. அதனால் மைதானக்காரரைப் பார்த்ததும் ஓடிப்போய் வரவேற்றார்.

"வாங்க, வாங்க! எவ்வளவு நாளாச்சு! மைதானம் எப்படி இருக்கு?"

"அதை ஏன் டாக்டர் கேக்கறீங்க..."

"முதல்ல வாயைத் திறங்க, பாக்கலாம். ஐயோ, இது நிக்காது, எடுத்துட வேண்டியதுதான்."

ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, மரத்துப்போகிற வரையில் டாக்டர் கோடையின் கதையை அவருக்குச் சொன்னார். இரண்டு அணிகள், ஆரஞ்சு, மாமியாரின் குடை, ஒன்றை ஒன்று கடந்துபோன பள்ளங்கள் எல்லாவற்றையும் சொன்னார். மைதானக்காரரின் கண்கள் விரிந்துகொண்டே போயின.

"கடைசியில இஞ்சினியர் குழாயை வளைச்சு ஒரே நாள்ல முடிச்சுடறேன்னார். விட்டேனா?"

மைதானக்காரர் "ங்... ங்ங்..." என்று டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் புல்லரிச்சுது. கொஞ்சம் ஆடாம இருங்க." பல் வந்துவிட்டது. டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு, பல்லை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மைதானக்காரர் அதைப் பார்க்கவே இல்லை.

"அந்த வேலையை நிறுத்தினது நீங்களா டாக்டர்?"

"நான்தான்," என்றார் டாக்டர் பெருமையோடு. பிறகு நியாயமாக, "எங்க அத்தைக்கும் பங்கு உண்டு," என்று சேர்த்துக்கொண்டார்.

மைதானக்காரர் மரத்துப்போன உதட்டைச் சிரமப்பட்டு அசைத்தார்.

"நம்ம மைதானத்துல புதுசா போட்டிருக்கற செயற்கைப் புல்தரையை ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் நனைக்கத் தண்ணி கொண்டு வர்ற குழாய் டாக்டர் அது, அது வந்து சேராததால அடுத்த கோடை வரைக்கும் ஹாக்கியே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க!"